தீர விசாரிப்பதே மெய்: மீண்டு வந்த துப்பறிவாளரும் வானொலி நாடகமும்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. வானொலியில் பேச வந்தவன் இப்பழமொழியை எடுத்துக்கொண்டு தொடங்குவது, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை ஒக்கும். காதால் கேட்பதற்கென்றே பிறந்த கருவியன்றோ வானொலி! ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேறில்லை. மாண்டு போன துப்பறிவாளர் ஒருவர் மீண்டு வருகிறார்; விஞ்ஞானத்தின் துணைகொண்டு விட்ட இடத்திலிருந்து விசாரணையைத் தொடர்கிறார்; அவரை நாம் காண்பதில்லை, கேட்கிறோம். இத்தகைய கற்பனை நாடகம் எவ்வாறு உருவாயிற்று, பெங்களூரு நகருக்கும் நம் மொழிக்கும் அதில் என்ன பங்கு, அது நம் வாழ்வைத் தொடும் இடம் எது என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

மாண்டவர் எழுந்து வருவது தமிழ் மக்களுக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையில் வெட்டுண்டு கிடந்த கோவலன், கண்ணகியின் புலம்பலைக் கேட்டு எழுந்து நிற்கிறான். அவள் கண்ணீரைத் துடைக்கிறான். ஓரிரு சொற்கள் கூறிவிட்டு விண்ணகம் செல்கிறான். இங்கே நுட்பமான செய்தி ஒன்றுண்டு. எழுந்து வந்த கோவலன் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தான் கள்வனல்லன் என்று சான்று பகரவில்லை. வழக்கை வென்றது மாண்டவனின் வாய்மொழி அன்று, சிலம்பின் பரல். அரசியின் சிலம்பில் முத்து இருந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இருந்தது. அவள் அதை அரசன் முன் உடைத்தாள். பரல் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது, பாண்டியன் வீழ்ந்தான். உயிர்த்தெழுதல் நம் நெஞ்சை உருக்கும். ஆனால் நீதியை நிலைநாட்டுவது சான்று. இந்த வேறுபாட்டை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

பாட்டியர் வாயிலாக நாம் கேட்டு வளர்ந்த விக்கிரமாதித்தன் கதையிலும் பிணத்தினுள் புகுந்த வேதாளம் பேசுகிறது. அதுவும் தீர்ப்புச் சொல்வதில்லை. வழக்குகளை எடுத்துரைத்து, விடை என்ன என்று கேட்கிறது. தீர்ப்பளிக்க வேண்டியவன் உயிரோடிருக்கும் அரசனே. கேட்பவன் சிந்திக்க வேண்டும் என்னும் விதி நம் கதைமரபில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு இவ்விரு எடுத்துக்காட்டுகளும் போதும்.

இனி மேலை நாட்டுக்குச் செல்வோம். ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கோனான் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை 1887ஆம் ஆண்டு அறிமுகம் செய்தார். காலடித் தடம், சுருட்டுச் சாம்பல், சட்டைக் கையின் அழுக்கு ஆகியவற்றைக் கொண்டு உண்மையை உணரும் அந்த மனிதர்மேல் வாசகர் பித்துக்கொண்டனர். படைத்தவருக்கோ அலுப்புத் தட்டிற்று. 1893 டிசம்பரில் வெளிவந்த கதையில், சுவிட்சர்லாந்து நாட்டின் ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸ் வீழ்ந்து மடிந்ததாக எழுதி முடித்துவிட்டார். வாசகர் கொதித்தனர், மன்றாடினர். பத்தாண்டுகள் கடந்தபின், 1903ஆம் ஆண்டில் ஹோம்ஸ் திரும்பினார். கிழட்டுப் புத்தக வியாபாரியின் வேடத்தில் வந்து வேடத்தைக் கலைத்த நண்பரைக் கண்டதும், போர்க்களம் பார்த்த வைத்தியரான வாட்சன் மயங்கி விழுந்தார். இங்கே மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. அவர் அருவியில் விழவே இல்லை என்று கதை விளக்கம் கூறியது. இறந்தார் என்று நாம் நம்பியதே பிழையாம்!

அக்கதையில் இன்னொரு காட்சியையும் நாம் மறத்தலாகாது. தம்மைச் சுட வந்த பகைவனை ஏமாற்ற, ஹோம்ஸ் தம் வீட்டுச் சன்னலில் தம்மைப் போன்ற மெழுகுப் பதுமை ஒன்றை நிறுத்தி வைக்கிறார். வீட்டுக்கார அம்மையார் அதை அவ்வப்போது திருப்பி வைக்கிறார். பகைவன் பதுமையைச் சுட்டுப் பிடிபடுகிறான். 1921ஆம் ஆண்டு வந்த வேறொரு கதையில், உள்ளறையில் தாம் பிடில் வாசிப்பதாகத் திருடர் நம்பும்படி கிராமபோன் இசைத்தட்டை ஓடவிட்டு, அவர்கள் பேசுவதை மறைந்திருந்து கேட்கிறார். கண்ணை ஏமாற்ற மெழுகு; காதை ஏமாற்ற இசைத்தட்டு. பழமொழியின் முதற் பாதிக்கு இதைவிட உரை வேண்டுமோ?

தமிழிலும் துப்பறியும் கதை ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிவிட்டது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். ஹோம்ஸ் அருவியில் வீழ்ந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1894இல், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங்கையும், ஜே. ஆர். ரங்கராஜு கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். 1940களில் தேவன், துப்பறியும் சாம்பு என்னும் அப்பாவியைக் கொண்டுவந்து நாட்டையே சிரிக்க வைத்தார். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். பிழைப்புக்காகப் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் புறப்பட்ட தமிழர் பலரின் பெட்டிகளில், பட்சணப் பொட்டலத்தோடு இத்தகைய நூல் ஒன்றும் பயணம் செய்தது.

இந்தத் துப்பறிவாளர் ஏட்டிலிருந்து வானொலிக்கு ஏறியது எப்பொழுது? இங்கேதான் சரித்திரம் ஒரு விசித்திரமான காட்சியை அமைத்து வைத்திருக்கிறது. சான்றையே தெய்வமாகக் கொண்ட ஹோம்ஸைப் படைத்த டாயில், தம் சொந்த வாழ்வில் ஆவிகளின் பேச்சில் ஆழ்ந்த நம்பிக்கை உடையவராய் இருந்தார். 1917ஆம் ஆண்டு முதற்கொண்டு இரு சிறுமியர் எடுத்த தேவதைப் படங்களை மெய்யென்று நம்பி, அவற்றைப் பத்திரிகையில் வெளியிட்டார். அவை காகிதத்தில் வெட்டி நிறுத்திய உருவங்கள் என்பதை அச்சிறுமியர் முதுமையடைந்தபின் 1980களில் ஒப்புக்கொண்டனர். டாயில் 1930 ஜூலை 7ஆம் நாள் காலமானார். சில நாட்களில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். மேடையில் அவருக்காக ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டது. ஆவியோடு பேசுவதாகக் கூறும் மாது ஒருவர், அவர் வந்து அமர்ந்திருப்பதைத் தாம் காண்பதாக அறிவித்தார். நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அமெரிக்காவில் என்.பி.சி. வானொலி ஒரு நாடகத்தை ஒலிபரப்பியது. நெடுங்காலம் மேடையில் ஹோம்ஸாக நடித்து மூத்த வில்லியம் ஜில்லெட், ஒலிவாங்கியின் முன் நின்று பேசினார். படைத்தவர் மறைந்து சற்றேறக்குறைய மூன்றரைத் திங்களில், படைக்கப்பட்டவர் முதன்முறையாக வானலையில் குரல் பெற்றார். ஆல்பர்ட் மண்டபத்தில் நடவாத உயிர்த்தெழுதல் வானொலி நிலையத்தில் நடந்தேறியது. முன்னது நம்பிக்கையை வேண்டியது. பின்னது கற்பனை என்று சொல்லிவிட்டே வந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

வானொலி நாடகம் இத்தகைய கதைக்கு ஏற்ற களமாக அமைந்ததன் காரணத்தையும் நோக்குவோம். 1924 ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய ஒரு நாடகத்தை, வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமாகக் கூறுவர். ரிச்சர்டு ஹியூஸ் எழுதியது. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. உள்ளே அகப்பட்டவர்கள் இருட்டில் தவிக்கிறார்கள். கேட்பவனும் காண இயலாது, பாத்திரங்களும் காண இயலா. வானொலியின் குறையையே அந்த ஆசிரியர் நாடகத்தின் பலமாக்கிக்கொண்டார். மேடையில் மாண்டவன் எழுந்தால், பூசிய மாவும் கட்டிய துணியும் நம் கண்ணுக்குத் தெரியும், நம்பிக்கை குலையும். வானொலியிலோ குரல் ஒன்றே போதும். உடம்பு இல்லாமை அங்கே ஒரு குறையே அன்று. பேசுகின்ற எல்லோரும் அங்கே உடம்பற்றவர்களே.

நம் முன்னோர் இதற்கு ஒரு சொல்லை முன்பே வைத்திருந்தனர்: அசரீரி. சரீரம் இல்லாத குரல் என்பது பொருள். கம்சன் தன் தங்கையின் திருமண ஊர்வலத்தில் தேரோட்டிச் சென்றபொழுது வானத்திலிருந்து கேட்டது அசரீரி. அதை அவன் அக்கணமே நம்பினான், வாளை உருவினான்.

அதே 1924ஆம் ஆண்டில் நம் சென்னையிலும் வானொலி பிறந்தது. ஆர்வலர் சிலர் கூடி அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் ஜூலைத் திங்களில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது ஓய்ந்தது. 1930இல் சென்னை நகராண்மைக் கழகம் அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன.

விஞ்ஞானக் கற்பனையும் விரைவிலேயே வானலையில் ஏறியது. செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாப்பெக், உழைக்கும் செயற்கை மனிதர்களுக்கு ரோபோ என்று பெயரிட்டு எழுதிய நாடகத்தை, பி.பி.சி. 1927இல் வானொலியில் வழங்கியது. 1938 அக்டோபர் 30ஆம் நாள், ஆர்சன் வெல்ஸ் என்னும் இளைஞர், செவ்வாய்க் கிரகத்தார் பூமிமேல் படையெடுக்கும் கதையைச் செய்தி அறிக்கை போல அமைத்து அமெரிக்க வானொலியில் நடித்துக் காட்டினார். கேட்டவர்களில் ஒரு பகுதியினர் மெய்யென்று மருண்டனர். நாடே நடுங்கியது என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியது மிகை என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு. வானொலி பொய் சொன்னது என்று முழங்கிய செய்தித்தாளும் தன் பங்குக்குப் பொய் சேர்த்தது! கேட்டதும் பொய், அதைப் பற்றிப் படித்ததும் பாதி பொய்.

இனி நம் பெங்களூருவுக்கு வருவோம். இக்கன்னட நாட்டுக்கு வானொலி வந்த வழி அழகானது. 1935ஆம் ஆண்டு, மைசூர் மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, தம் இல்லத்திலேயே 30 வாட் சக்தியுள்ள சிறு நிலையம் ஒன்றை அமைத்தார். மனத்தை ஆராயும் அறிஞர் ஒருவர் குரலைப் பரப்பும் தொழிலில் இறங்கினார் என்பது எண்ணத்தக்கது. அந்த நிலையத்துக்கு ஆகாசவாணி என்று பெயர் வாய்த்தது. வானத்து வாக்கு, அசரீரியின் மறு பெயர். பின்னாளில் நாடு முழுவதும் வானொலிக்கு வழங்கலான அப்பெயர், மைசூரில் ஒரு வீட்டு அறையில் பிறந்தது. 1955இல் பெங்களூருவில் வானொலி நிலையம் அமைந்தது. அதற்குச் சற்று முன், 1954ஆம் ஆண்டு, நகருக்கு வடக்கே ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டது. ராணுவத்துக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளோடு, வானொலி அலைபரப்பிகளும் வால்வுகளும் அங்கே உருவாயின. வேலை தேடி வந்த தமிழர் பலருக்கும் அது அன்னமிட்டது.

அங்கே வந்தவர்களுள் ஒருவர் எஸ். ரங்கராஜன். சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் நிழலில் வளர்ந்து, திருச்சியில் பௌதிகமும் குரோம்பேட்டையில் மின்னணுவியலும் பயின்றவர். முதலில் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றினார். கண்ணுக்கு எட்டாத விமானங்களைக் குரலால் வழிநடத்தும் தொழில் அது. பின்னர்ப் பெங்களூருவுக்கு வந்து, 1970களிலும் 1980களிலும் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக விளங்கினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. பகலில் பொறி, இரவில் எழுத்து. சுஜாதா என்னும் பெயரில் தமிழ்நாடு அவரை அறிந்தது. தம் நாட்டை விட்டு வெளியூரில் வாழ்ந்தபடியே தமிழில் விஞ்ஞானக் கற்பனைக்கு அகலமான பாதை போட்டவர் அவர். வெளிமாநிலத் தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

வழக்கறிஞர் கணேஷையும் அவர் உதவியாளன் வசந்தையும் துப்பறியும் இணையாக அவர் படைத்தார். ஆயினும் நம் பொருளுக்கு நெருங்கிய உறவுடையது அவருடைய வேறொரு துப்பறிவாளர், மனிதரன்று, நாய். அதுவும் உயிருள்ள நாயன்று, இயந்திர நாய். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ கதையில் வரும் ஜீனோ அது. 21ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் கதை நடக்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். மக்களின் பெயருக்குக் கூட எழுத்துக் கணக்கு உண்டு. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் சிபி திடீரென்று காணாமற் போகிறான். தேடிப் புறப்பட்ட நிலாவுக்குத் துணை, பேசவும் படிக்கவும் வாதாடவும் தெரிந்த ஜீனோ. தேடலின் முடிவில் வெளியாகும் உண்மை என்ன? நாட்டை நடுங்க வைத்த ஜீவா உடம்புள்ள மனிதனே அன்று. ஒளியால் ஆக்கப்பட்ட பொய் வடிவம்! ஆள்பவன் வெறும் பிம்பம். அவனை வெல்ல உதவும் ஜீனோவோ கம்பியும் தகடும் சேர்ந்த பொறி. எது பொய், எது மெய் என்பதை நிலா தீர விசாரித்தே அறிகிறாள்.

இக்கதைக்குத் தொடர்ச்சியாக ஆசிரியர் எழுதிய நூலின் பெயர் ‘மீண்டும் ஜீனோ’. மனிதத் துப்பறிவாளரை மீட்டுக் கொணர டாயிலுக்குப் பத்தாண்டும் ஒரு நீண்ட விளக்கமும் தேவைப்பட்டன. இயந்திரத் துப்பறிவாளருக்கு அத்தகைய இடர் இல்லை. பிரிக்கத்தக்கது எதையும் மறுபடி பூட்டலாம் அல்லவா? ஆனால் அங்கே வேறொரு கேள்வி எழுகிறது. மறுபடி பூட்டிய பொறிக்கு நினைவு இல்லாவிட்டால், வந்தது பழைய ஜீனோவா, புதியதா? உடம்பு அதுவாகவே இருந்தாலும் நினைவு இல்லையேல் ஆள் வேறன்றோ? மாண்டு மீண்டு வரும் துப்பறிவாளரைப் பற்றிய விஞ்ஞானக் கதைகளின் உயிர்நாடி இந்தக் கேள்வியே.

சுஜாதா நாடகமும் எழுதினார். ‘கடவுள் வந்திருந்தார்’ என்னும் நாடகத்தில், ஓய்வு பெற்ற சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவரைத் தவிர எவருக்கும் அவன் புலப்படுவதில்லை. உலகம் அவரைப் பைத்தியம் என்கிறது. அதை மேடையேற்றிச் சீனிவாசனாக நடித்தவர் பூர்ணம் விசுவநாதன். இவரை நீங்கள் அறிவீர்கள். டில்லியில் வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராய் இருந்தவர். 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பெங்களூருத் தமிழர் எழுதிய வார்த்தைகளுக்கு டில்லியில் பழகிய வானொலிக் குரல் உயிர் கொடுத்தது. சுஜாதாவும் பூர்ணமும் 2008ஆம் ஆண்டிலேயே, சில திங்கள் இடைவெளியில் மறைந்தனர்.

நேயர்களே, இதுவரை கூறியவை கற்பனைகள். இனிக் கூறப்போவது நடந்தது.

குரலைச் சேமிக்கும் வித்தையை எடிசன் 1877இல் கண்டார். ஆங்கிலக் கவிஞர் இராபர்ட்டு பிரௌனிங் 1889இல் மறைந்தார். அவ்வாண்டே பதிவான அவர் குரலை, அவர் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளில் அன்பர்கள் கூடிக் கேட்டனர். மாண்டவர் குரலை மனிதர் கேட்டது அதுவே முதன்முறை என்று வியந்தனர். ஆனால் அது அவர் முன்பே பேசியது. பேசாத சொல்லைப் பேசவைக்க அன்று வழியில்லை. பின்னர்க் குரலலையை எண்களாக மாற்றும் கலை வளர்ந்தது. தொலைபேசியில் குரல் விநாடிக்கு 8,000 முறையும், குறுந்தகட்டில் 44,100 முறையும் அளக்கப்படுகிறது. இவ்வெண்களைக் கணிப்பொறி கற்றுக்கொண்டு, ஒருவருடைய குரலின் சாயலை உணர்ந்து, அவர் என்றுமே சொல்லாத சொற்களை அவர் குரலிலேயே சொல்லும் திறனை இன்று பெற்றுவிட்டது.

2024ஆம் ஆண்டு ‘லால் சலாம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் பாட்டு ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களை இவ்வாறு மீட்டு இசையமைத்தார் ஏ. ஆர். ரகுமான். அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியே இது செய்யப்பட்டது என்றும் அவர் அறிவித்தார். இவ்வறிவிப்பு பாட்டினும் முக்கியமானது. மாண்டவர் தம் குரலுக்காக வாதாட வர இயலாது. ஆகவே யாருடைய அனுமதியின்பேரில் அவர் பேசவைக்கப்படுகிறார் என்பதும், இது செய்த குரல் என்று கேட்பவருக்கு உரைக்கப்பட்டதா என்பதும் அறத்தின் இரு உரைகற்கள். இரண்டும் நிறைவேறினால் அது கலை. இரண்டும் இல்லையேல் அது சன்னலில் நிறுத்திய மெழுகுப் பதுமை.

அந்தப் பதுமை இன்று நம் வீட்டுத் தொலைபேசிக்கும் வந்துவிட்டது. உயிரோடிருப்பவரின் குரலைப் போலி செய்து, ‘விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று கெஞ்சி ஏமாற்றும் குற்றங்கள் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் நடந்து வருகின்றன. இதற்கு நீண்ட பதிவும் தேவையில்லை; சிறிதளவு பேச்சே போதும். இவ்விடத்தில் வெளிமாநிலத் தமிழராகிய நம் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்கும் ஊருக்கும் இடையே உள்ள பாலம் எது? குரல்தான். தஞ்சையிலோ நெல்லையிலோ இருக்கும் தாயை ஆண்டுக்கு ஒருமுறை காண்கிறோம்; ஆனால் நாள்தோறும் கேட்கிறோம். ‘சாப்பிட்டாயா’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே அவள் உடல்நிலையை அறிந்துகொள்கிறோம். அயல்மொழி சூழ்ந்த ஊரில் தாய்மொழிக் குரல் காதில் விழுந்தால் உள்ளம் இளகிவிடுகிறது. அந்த இளக்கமே நம் செல்வம். வஞ்சகனுக்கு அதுவே திறந்த வாயில்.

அதற்காகக் காதை அடைத்துக்கொள்ளலாமோ? கூடாது. கம்சனைப் போல் கேட்டவுடன் வாளை உருவுவதும் தவறு. எதையும் நம்பாது உறவையே அறுப்பதும் தவறு. கண்ணகியின் வழியே வழி. சிலம்பை உடைத்துப் பார்க்க வேண்டும். அவசரம் என்று கூறும் குரல் எதுவாயினும், தொடர்பைத் துண்டித்துவிட்டு, நாம் முன்பே அறிந்த எண்ணுக்கு நாமே திரும்ப அழைப்போம். குடும்பத்தார் மட்டுமே அறிந்த கேள்வி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம்: கொல்லைப்புறத்து மரம் எது, பாட்டி வைத்த செல்லப்பெயர் என்ன என்பது போல. குரலைத் திருடுபவன் நினைவைத் திருட முடியாது. ஜீனோவைப் பற்றி நாம் எழுப்பிய கேள்விக்கு விடையும் இதுவே: ஆளை அடையாளம் காட்டுவது நினைவு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. இத்தகைய குற்றங்களை உடனே தெரிவிக்க 1930 என்னும் தொலைபேசி எண்ணை அரசு அமைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஏட்டில் உறங்கும் தானவனும் சாம்புவும் ஜீனோவும் அப்பிள்ளைகளைப் பொறுத்தவரை மாண்டவர்களே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டார் ஆளுக்கொரு பாத்திரமாக அமர்ந்து கதை ஒன்றை உரக்கப் படித்துப் பாருங்கள். தந்தை துப்பறிவாளர், தாய் சாட்சி, பாட்டி வேதாளம்! பிள்ளை கேட்கட்டும், குற்றவாளி யார் என்று ஊகிக்கட்டும், ஊகத்துக்குச் சான்று என்ன என்று நீங்கள் கேளுங்கள். தமிழும் செவியில் ஏறும்; விசாரிக்கும் பழக்கமும் அறிவில் ஏறும். மாண்டு போன துப்பறிவாளர் அங்கே மெய்யாகவே உயிர்த்தெழுவார், கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையின் உருவில்.